ரெசின் காய்வதில்லை, இறுகுகிறது
வீட்டில் வண்ண வார்ப்புப் பொருள்கள் செய்யும் சகோதரிகளுக்குச் சில விளக்கங்கள்

சென்ற மழைக்காலத்தில் ஒரு சகோதரி நமது அலுவலகத்துக்கு ஒரு தட்டு நிறைய சாவிக்கொத்துகளைக் கொண்டு வந்தார். நீலம், பச்சை, மாதுளைச் சிவப்பு என ஒவ்வொன்றும் கண்ணாடி போலத் தெளிவு. உள்ளே உலர்ந்த பூவிதழ், நடுவே பொன்னிற எழுத்தில் பெயர். ஒரு நிக்காஹ் விருந்தினருக்குக் கொடுப்பதற்காக 50 எண்ணம் கேட்டிருந்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. கையில் எடுத்தால் விரலில் ஒட்டியது.

"மூணு நாளா காயப் போட்டிருக்கேன் லாத்தா. இன்னும் பிசுபிசுன்னுதான் இருக்கு. ரெண்டு நாள் வெயில்ல வச்சா சரியாயிடுமா?" என்று நம் தொழில் வழிகாட்டும் பிரிவில் இருக்கும் சகோதரியிடம் கேட்டார். அவருடைய விரல் இடுக்குகள் சிவந்து தடித்திருந்ததை அப்போதுதான் கவனித்தோம்.

நம் பகுதியில் பல வீடுகளில் இப்போது இந்த வேலை நடக்கிறது. பெயர்ப் பலகை, புத்தகக் குறி, தஸ்பீஹ் மணி, அலங்காரத் தட்டு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சிறு முதலீட்டில் தொடங்கலாம், வீட்டை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. ஆனால் வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஊற்றுவது வரை எல்லாம் தெரிகிறது. ஊற்றிய பின் அதற்குள் என்ன நடக்கிறது என்பது தெரிவதில்லை. பண நஷ்டமும் உடல் நஷ்டமும் அந்த இடத்தில்தான் வருகின்றன. ஆகவே அதைப் பற்றி விரிவாக எழுதுகிறோம்.

காய்வது வேறு, இறுகுவது வேறு

துணி காய்வது அதிலுள்ள தண்ணீர் ஆவியாகிப் போவதால். ரெசினில் ஆவியாகிப் போக வேண்டியது எதுவும் இல்லை. ரெசின் என்ற திரவமும் ஹார்டனர் என்ற திரவமும் சேரும்போது இரண்டின் மூலக்கூறுகளும் ஒன்றோடொன்று கை கோத்து வலை போலப் பின்னிக்கொள்கின்றன. அந்தப் பின்னல் முடிந்ததும் திரவம் திடமாகிறது. இதையே கியூரிங், அதாவது இறுகுதல் என்கிறார்கள்.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை கிடைக்கிறது. ஹார்டனர் குறைந்தால் கோக்கக் கை கிடைக்காத ரெசின் மிச்சமாகிறது. கூடினால் ஹார்டனர் மிச்சமாகிறது. இரண்டிலும் பொருள் பிசுபிசுக்கும், அல்லது ரப்பர் போல வளையும். அதை வெயிலில் வைத்தாலும் மின்விசிறிக்கடியில் வைத்தாலும் ஒரு மாதம் காத்திருந்தாலும் முழுமையாக இறுகாது. "சீக்கிரம் இறுகட்டும்" என்று ஹார்டனரை இரண்டு சொட்டுக் கூட்டி ஊற்றுவது பலர் செய்யும் தவறு. அது வேகத்தைக் கூட்டாது, பொருளைக் கெடுக்கும்.

கடையில் கிடைப்பது மூன்று வகை

முதல் வகை எப்பாக்ஸி. ரெசின் ஒரு புட்டி, ஹார்டனர் ஒரு புட்டி. வீட்டு வேலைக்குப் பெரும்பாலோர் வாங்குவது இதுதான்.

இரண்டாவது பாலியெஸ்டர். ஃபைபர் வேலைப் பொருள் விற்கும் கடைகளில் விலை குறைவாகக் கிடைக்கும். கடுமையான நெடி அடிக்கும். இதற்கு ஹார்டனர் சம அளவில் அல்ல, பொதுவாக 100 கிராமுக்கு 1 முதல் 2 கிராம் வரைதான் சேர்ப்பார்கள். கோபால்ட் என்ற முடுக்கியைத் தனியாகக் கொடுக்கும் கடைகளும் உண்டு. அந்தக் கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். காற்றுப் படும் மேற்பரப்பு இறுகாமல் பிசுபிசுப்பதும் இந்த வகையின் இயல்பு. குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குள் இதைச் செய்ய வேண்டாம் என்பதே எங்கள் ஆலோசனை.

மூன்றாவது யூவி ரெசின். கலவை கிடையாது, புற ஊதா விளக்கின் ஒளி பட்டால் சில நிமிடங்களில் இறுகும். ஒளி போகும் ஆழம் வரைதான் இறுகும் என்பது இதன் எல்லை. அடர்ந்த நிறம் கலந்தால் ஒளி உள்ளே போகாது. மேலே கல்லாகவும் உள்ளே கஞ்சியாகவும் இருக்கும். 2 மில்லிமீட்டர் அளவு மெல்லிய அடுக்குகளாக ஊற்றி, ஒவ்வொன்றையும் விளக்கில் காட்டி, முடிவில் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தையும் காட்ட வேண்டும். சிறு பதக்கங்களுக்கு ஏற்றது. தடித்த வார்ப்புக்கு ஆகாது.

இனி சொல்லப் போவது பெரும்பாலும் எப்பாக்ஸியைப் பற்றியது.

நிறுப்பதா, அளப்பதா?

புட்டியின் மேல் 2:1 என்று எழுதியிருக்கும். சிலவற்றில் 1:1, சிலவற்றில் 3:1. அது எடைக் கணக்கா, கொள்ளளவுக் கணக்கா என்பதைத்தான் முதலில் படிக்க வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. ரெசின் கனமானது, ஹார்டனர் சற்று லேசானது.

ஓர் உதாரணம் பார்ப்போம். 1 மில்லி ரெசின் 1.15 கிராம், 1 மில்லி ஹார்டனர் 0.95 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொள்ளளவில் 2:1 என்றால் 100 மில்லி ரெசினுக்கு 50 மில்லி ஹார்டனர். தராசில் இது 115 கிராமுக்கு 47.5 கிராம். இதை அறியாமல் தராசில் 2:1 என்று நிறுத்தால் 57.5 கிராம் ஹார்டனர் போய்விடும். 10 கிராம், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதிகம். கொண்டு வந்த சாவிக்கொத்துகளில் நடந்தது இதுவே. கொள்ளளவுக் கணக்குப் போட்டிருந்த புட்டியை அவர் தராசில் நிறுத்திருந்தார்.

தராசு 0.1 கிராம் வரை காட்டுவதாக இருக்கட்டும். 1 கிராம் மட்டுமே காட்டும் சமையலறைத் தராசில் 6 கிராம் ஹார்டனர் நிறுக்கும்போது அரை கிராம் பிசகினாலும் தெரியாது. அரை கிராம் என்பது அங்கே பெரிய பிழை. ஆகவே மிகச் சிறிய அளவில் கலப்பதைத் தவிர்த்து, பல அச்சுகளுக்குச் சேர்த்து ஒரே தடவையாகக் கலப்பது நல்லது. தேநீர்க் கரண்டிக் கணக்கும் கண் மதிப்பும் இந்த வேலைக்கு உதவாது.

கலக்கும் முறை

சரியாக நிறுத்த பின்பும் அங்கங்கே திட்டுத் திட்டாகப் பிசுபிசுத்தால் குற்றம் கலக்கியதில் இருக்கிறது. குவளையின் ஓரத்திலும் அடியிலும் ஒட்டிக்கொண்ட ரெசின் ஹார்டனரோடு சேர்ந்திருக்காது. தட்டையான குச்சியால் 3 முதல் 5 நிமிடம் வரை, ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்து மெதுவாகக் கலக்குங்கள். முதலில் புகை போலக் கோடுகள் தெரியும். அவை மறைந்து தெளிய வேண்டும். பிறகு வேறொரு சுத்தமான குவளைக்கு மாற்றி இன்னும் ஒரு நிமிடம் கலக்குங்கள். அச்சில் ஊற்றும்போது குவளையின் ஓரத்தைச் சுரண்டி ஊற்றாதீர்கள்.

முட்டை அடிப்பது போல வேகமாக அடித்தால் காற்றுக் குமிழிகள் சேரும். உயரத்திலிருந்து நூல் போல மெல்லிய தாரையாக ஊற்றினால் பெரும்பாலான குமிழிகள் வழியிலேயே உடைந்துவிடும். மிச்சமிருப்பதற்கு மேற்பரப்பில் ஹீட் கன்னை ஓரிரு விநாடி காட்டினால் போதும். ஒரே இடத்தில் காட்டினால் சிலிக்கோன் அச்சு கெடும். ஆல்கஹால் மை கலந்த ரெசினுக்கு மேல் நெருப்புச் சுடரைக் காட்ட வேண்டாம், பற்றிக்கொள்ளும்.

வண்ணத்தால் வரும் கேடு

வண்ணம் என்பது இறுகுதலில் பங்கு பெறாத விருந்தாளி. விருந்தாளி அதிகமானால் வீட்டு வேலை நடக்காது. கண்ணாடித் தெளிவு வேண்டுமென்றால் 50 கிராம் கலவைக்குச் சில சொட்டு ரெசின் வண்ணமே போதும். எவ்வளவு வரை சேர்க்கலாம் என்று தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவைத் தாண்டாதீர்கள். கேசரிப் பவுடர், தண்ணீரில் கரையும் உணவு நிறம், போஸ்டர் கலர் ஆகியவற்றில் ஈரம் இருக்கிறது அல்லது அவை ஈரம் கேட்கும். ஈரம் சேர்ந்தால் தெளிவு போய்ப் பால் போலக் கலங்கும், இறுகுதலும் கெடும்.

உள்ளே வைக்கும் பூவும் அப்படித்தான். மல்லிகை, ரோஜா இதழ்களைத் தொட்டால் சருகு போல நொறுங்கும் அளவுக்கு உலர்த்திய பிறகே வைக்க வேண்டும். ஈரமுள்ள இதழ் சில வாரங்களில் உள்ளேயே பழுப்பாகிவிடும்.

நம் ஊர் வெயிலும் மழையும்

வீடியோக்களில் பல குளிர் நாடுகளில் எடுக்கப்பட்டவை. அங்கே அறையைச் சூடாக்கச் சொல்வார்கள். நமக்கு அந்தப் பாடம் பொருந்தாது. புட்டியில் எழுதியிருக்கும் நேரங்கள் பொதுவாக 23 முதல் 25 டிகிரி அறைக்கானவை. வெப்பம் 10 டிகிரி கூடினால் இறுகும் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். சித்திரை வெயிலில் நம் அறைகள் 35 டிகிரியைத் தொடும்போது, 40 நிமிட அவகாசம் என்று எழுதிய ரெசின் 20 நிமிடத்திலேயே கெட்டியாகத் தொடங்கும்.

இறுகும்போது ரெசின் தானும் சூட்டை வெளியிடுகிறது. மெல்லிய வார்ப்பில் அந்தச் சூடு வெளியேறிவிடும். தடித்த வார்ப்பிலோ குவளை நிறைய இருக்கும் கலவையிலோ அது உள்ளேயே தேங்கி வேகத்தைக் கூட்ட, வேகம் மேலும் சூட்டைக் கூட்டும். குவளை உருகுவதும் புகை வருவதும் இதனால்தான். பொருள் மஞ்சளாகும், வெடிப்பு விடும். ஆகவே கோடையில் காலை நேரத்தில் கலந்து, உடனே ஊற்றிவிடுங்கள். மிச்சத்தைக் குவளையில் விடாமல் அகலமான பழைய தட்டில் பரப்பி, வீட்டுக்கு வெளியே வையுங்கள். மேல் பூச்சுக்கான ரெசினைத் தடித்த வார்ப்புக்குப் பயன்படுத்த வேண்டாம். அதை அரை சென்டிமீட்டர் அடுக்குகளாக, முதல் அடுக்கு ஜெல்லி போலக் கெட்டியானதும் அடுத்தது என்று ஊற்றலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழ். கடலோர ஊர்களில் காற்றே ஈரமாக இருக்கும். ஹார்டனர் அந்த ஈரத்தோடும் காற்றிலுள்ள கரிவளியோடும் சேர்ந்து, மேற்பரப்பில் எண்ணெய் தடவியது போன்ற வெண்படலத்தை உண்டாக்கும். மழை பெய்யும் நாளில் ஊற்றாமலிருப்பதே மேல். கட்டாயமென்றால் ஏசி உள்ள அறையில் ஊற்றுங்கள். தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர் அறையில் மேலும் ஈரத்தைச் சேர்க்கும்; அது வேண்டாம். ஊற்றிய அச்சை ஒரு பிளாஸ்டிக் டப்பாவால் மூடி வைத்தால் தூசியும் விழாது.

எத்தனை நாள் பொறுப்பது?

பொதுவாக ஒரு நாளில் தொட்டால் ஒட்டாத நிலை வரும். 24 முதல் 48 மணி நேரத்தில் அச்சிலிருந்து எடுக்கலாம். ஆனால் பின்னல் முழுமையாக முடிய ஏறத்தாழ 7 நாள் ஆகும். எடுத்த பொருளை அந்த ஒரு வாரமும் சமமான பரப்பில், ஒன்றோடொன்று படாமல் வையுங்கள். நெகிழித் தாளில் சுற்றினால் தாளின் மடிப்பு அதில் பதிந்துவிடும். ஓரத்தில் நகத்தை அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் இன்னும் நாள் தேவை.

வெயிலில் வைத்து அவசரப்படுத்தாதீர்கள். முழுதும் இறுகாத பொருள் சூட்டில் வளையும். எப்பாக்ஸி நாட்பட்ட வெயிலில் மஞ்சளாகவும் செய்யும்.

பிசுபிசுத்தால் என்ன செய்வது?

எல்லாப் பொருளும் ஒரே சீராகப் பிசுபிசுத்தால் அளவு தவறியிருக்கிறது. குளிர்ந்த நாளாக இருந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தால் மட்டும் இன்னும் இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். திட்டுத் திட்டாக இருந்தால் கலக்கியது போதவில்லை. மேலே மட்டும் எண்ணெய்ப் பசை போல இருந்தால் அது மழைக்காலப் படலம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தால் போய்விடும்.

உள்ளே உறுதியாக இருந்து மேற்பரப்பு மட்டும் லேசாக ஒட்டினால், பசையைத் துடைத்து, நனைத்த உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்து, உலர்த்தி, சரியாக நிறுத்த புதிய ரெசினை மெல்லியதாகப் பூசலாம். உள்ளேயே மெத்தென்று இருந்தால் அந்தப் பொருளைக் காப்பாற்ற வழியில்லை. அதன் மேல் புதிதாகப் பூசி மறைப்பது வாங்குகிறவரை ஏமாற்றுவதாகும்.

கையும் மூச்சும்

இந்தப் பகுதிக்காகத்தான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். இறுகாத எப்பாக்ஸியும் ஹார்டனரும் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை உண்டாகலாம். முதல் நாள் ஒன்றும் தெரியாது. பல மாதம் ஒன்றுமே இல்லாமல் இருந்து, ஒரு நாள் அரிப்பும் சிவப்பும் கொப்புளமுமாக வரும். ஒருமுறை வந்துவிட்டால் பொதுவாக அது வாழ்நாள் முழுவதும் இருக்கும். பிறகு சிறு துளி பட்டாலும் திரும்பும்.

நம்மிடம் வந்த சகோதரிக்கு நடந்தது அதுவே. கையுறை இல்லாமல் ஓராண்டு வேலை செய்திருக்கிறார். ஒட்டியதைத் தின்னர் வைத்துத் துடைத்திருக்கிறார். தின்னர் ரெசினைக் கரைத்துத் தோலுக்குள் இறங்க உதவும் என்று அவருக்குச் சொல்ல யாரும் இல்லை. தோல் மருத்துவர் இனி ரெசினைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அந்த நிக்காஹ் ஆர்டரை அவருடைய தங்கை, கையுறையோடு, முதலிலிருந்து செய்து கொடுத்தார். இவர் எழுத்து வடிவமைப்பையும் கணக்கையும் பார்த்துக்கொள்கிறார். தொழில் தப்பியது, அவர் கைக்குப் பழைய நிலை வரவில்லை.

ஆகவே, நைட்ரில் கையுறை அணியுங்கள். ரெசின் பட்டதும் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு போடுங்கள். மெல்லிய லேடெக்ஸ் கையுறை போதாது. தோலில் பட்டால் துணியால் துடைத்து, உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஹார்டனர் கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அப்படியே மருத்துவரிடம் செல்லுங்கள். முழுக்கை உடையும் கண்ணாடியும் அவசியம். துப்பட்டாவின் முனை தொங்காமல் செருகிக்கொள்ளுங்கள். அதில் படும் ரெசின் கழுத்துக்கும் முகத்துக்கும் போகும்.

சமையலறையில் வேலை வேண்டாம். இரு பக்கமும் சன்னல் உள்ள அறையாக இருக்கட்டும். அச்சு இறுகும் அறையில் குழந்தைகளைத் தூங்க வைக்காதீர்கள். இந்த வேலைக்கு எடுத்த கிண்ணமும் கரண்டியும் தராசும் மீண்டும் சமையலுக்குப் போகக் கூடாது. தேய்க்கும்போது தண்ணீர் விட்டுத் தேய்த்து, என்95 முகக்கவசம் அணியுங்கள். அந்தக் கவசம் தூசியைத் தடுக்குமே தவிர ஆவியைத் தடுக்காது. சன்னலைத் திறப்பதற்கு அது மாற்றாகாது. மிச்சக் கலவையைச் சாக்கடையில் ஊற்றாமல், இறுகிக் கல்லான பிறகு குப்பையில் போடுங்கள்.

வாங்குகிறவருக்குச் சொல்ல வேண்டியவை

முழுமையாக இறுகிய எப்பாக்ஸியும் அதிக சூடு தாங்காது. வெயிலில் நிறுத்திய காரின் முன்பக்கத்தில் வைத்த சாவிக்கொத்து மெதுவாகி வளையலாம். சூடான தேநீர்க் கோப்பையை வைத்தால் ரெசின் தட்டில் வட்டத் தடம் விழலாம். உணவுக்கு உகந்தது என்று தயாரிப்பாளர் தெளிவாகச் சொல்லாத ரெசினில் செய்த தட்டில் சாப்பாடு பரிமாறக் கூடாது. வாய்க்குக் கொண்டு போகும் வயதுக் குழந்தைகளுக்கு ரெசின் மணிகளைக் கொடுக்கக் கூடாது. இவற்றை ஒரு சிறு சீட்டில் எழுதிப் பொருளோடு வையுங்கள். சொல்லிக் கொடுத்தால் வியாபாரம் குறையாது, நம்பிக்கைதான் கூடும்.

ஆர்டர் எடுக்கும்போது ஊற்ற ஒரு நாள், எடுக்க இரண்டு நாள், இறுக ஒரு வாரம், தவறினால் மறுபடி செய்ய இன்னொரு வாரம் என்று கணக்கிட்டு நாள் சொல்லுங்கள். "நாலு நாள்ல வேணும்" என்று கேட்பவரிடம் முடியாது என்று சொல்லத் தயங்காதீர்கள். காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும் பொருள் நம் கையில் ஓர் அமானிதம்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, ரெசின் எடை, ஹார்டனர் எடை, எத்தனை சொட்டு நிறம், அன்று மழையா வெயிலா, எத்தனை மணி நேரத்தில் இறுகியது என்று ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். ஆறு மாதத்தில் அந்த நோட்டு, எந்த வீடியோவும் சொல்லித் தராத பாடத்தை உங்கள் ஊருக்கும் உங்கள் அறைக்கும் ஏற்றபடி சொல்லித் தரும். புதிதாகத் தொடங்க நினைப்பவர்கள் முதல் செலவாகக் கையுறைப் பெட்டியையும் தராசையும் வாங்குங்கள். அச்சும் வண்ணமும் அதற்குப் பிறகு.